பிரசவ வலியும் மைல் கணக்கும்

1986 டிசம்பர் 5, மாலை நான்கு மணி வாக்கில், டெக்சாஸ் மாநிலத்தின் விக்டோரியா நகரில் உள்ள டிடார் மருத்துவமனைக்கு ஒரு நிறைமாதக் கர்ப்பிணி வந்தார். ஆறாவது பிரசவம். பனிக்குடம் உடைந்திருந்தது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வலி எடுத்துக்கொண்டிருந்தது. ரத்த அழுத்தம் 210/130. அந்தக் கர்ப்பத்துக்கு அவர் எந்த மருத்துவரிடமும் காட்டியிருக்கவில்லை. கட்டணம் கட்டவும் வழியில்லை. சொந்த மருத்துவர் இல்லாமல் வருகிறவர்களை முறைவைத்துப் பார்க்கும் மகப்பேறு மருத்துவர்களில் அன்றைக்கு மைக்கேல் பர்டிட்டின் முறை. செவிலியர் தொலைபேசியில் விவரம் சொன்னதும், 170 மைல் தள்ளி கால்வெஸ்டனில் இருக்கும் ஜான் சீலி மருத்துவமனைக்கு அனுப்பிவிடச் சொன்னார் அவர்.

அப்படி அனுப்பக் கூடாது, புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று செவிலியர்கள் எடுத்துச் சொன்னார்கள். பர்டிட் வந்து பார்த்தார். ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதினார். இடமாற்றச் சான்றிதழைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு செவிலியர் கூட ஏற, ஆம்புலன்ஸ் புறப்பட்டது. 40 மைல் போவதற்குள் வண்டியிலேயே குழந்தை பிறந்துவிட்டது. வழியில் கனாடோ என்ற ஊர் மருத்துவமனையில் நிறுத்தி மருந்து வாங்கிக்கொண்ட செவிலியர், அங்கிருந்து பர்டிட்டுக்குப் பேசினார். அப்போதும் அவர் கால்வெஸ்டனுக்கே போகச் சொன்னார். ஆனால் திரும்பிப் போகலாம் என்று தாய் சொன்னார். வண்டி டிடாருக்குத் திரும்பியது. என் சொல்லைக் கேட்காமல் வந்த நோயாளியைப் பார்க்க மாட்டேன் என்று பர்டிட் மறுத்துவிட, வேறொரு மருத்துவர் சேர்த்துக்கொண்டார். மூன்று நாளில் தாய் நலமாக வீடு திரும்பினார்.

இவ்வளவு விவரமும் பதிவாகியிருப்பதற்குக் காரணம், செவிலியர்கள் சுட்டிக்காட்டிய அந்தப் புதுச் சட்டம். நான்கு மாதங்களுக்கு முன், ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்திருந்தது அது. 'அவசர மருத்துவ சிகிச்சை மற்றும் பிரசவ வலிச் சட்டம்' என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எம்டாலா என்பார்கள். காசில்லாத நோயாளியை அரசு மருத்துவமனையின் தலையில் கட்டுவது அன்றைக்கு அமெரிக்காவில் சர்வசாதாரணமாக இருந்தது. சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனைக்கு மற்ற மருத்துவமனைகள் தள்ளிவிட்ட 467 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 87 விழுக்காடு இடமாற்றத்துக்குக் காப்பீடு இல்லாததே காரணம் என்று 1986-இல் எழுதினார்கள். அந்தக் கொதிப்பில் பிறந்த சட்டம் இது. முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் பணம் பெறும் எந்த மருத்துவமனையும், அதாவது ஏறக்குறைய எல்லா மருத்துவமனைகளும், அவசரமாக வருகிறவரைப் பரிசோதித்தே ஆக வேண்டும். ஆபத்து நீங்கும்வரை சிகிச்சை தந்தே ஆக வேண்டும். பிரசவ வலி என்றால் குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியே வந்தால்தான் ஆபத்து நீங்கியதாகக் கணக்கு. அவ்வளவு நுட்பமாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

பர்டிட்டுக்கு 20,000 டாலர் அபராதம் விழுந்தது. அவர் மேல்முறையீட்டுக்குப் போனார். அவர் வைத்த வாதங்களில் ஒன்று கவனிக்கத்தக்கது: என் உழைப்பு என் சொத்து, அதை இலவசமாகக் கொடு என்று அரசு கட்டாயப்படுத்துவது இழப்பீடு தராமல் சொத்தைப் பறிப்பது, அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம் அதைத் தடுக்கிறது. மெடிகேர் திட்டத்தில் மருத்துவமனை தானாகச் சேர்ந்தது, அந்த மருத்துவமனையின் பொறுப்பை நீங்கள் தானாக ஏற்றுக்கொண்டீர்கள், விருப்பப்பட்டு வந்தவர் பறிப்பு என்று புகார் சொல்ல முடியாது என்று 1991-இல் நீதிமன்றம் அவர் வழக்கைத் தள்ளியது. தீர்ப்பு சரிதான். ஆனால் பர்டிட்டின் கசப்புக்குள் ஒரு நியாயமான கேள்வி ஒளிந்திருந்தது: இந்தப் பிரசவத்துக்கு யார் பணம் தருவது? எம்டாலா அதற்காக ஒரு டாலரும் ஒதுக்கவில்லை. கதவைத் திறந்து வை என்று சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. சிகிச்சை முடிந்தபின் தாய்க்கு எவ்வளவு பில் போடலாம் என்பதைப் பற்றியும் அதில் ஒரு சொல் இல்லை. அமெரிக்கப் பிரசவச் செலவின் கோளாறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வேர்விட்டிருக்கின்றன என்பது என் எண்ணம். மருத்துவம் விலை உயர்ந்தது என்பது ஒரு பங்குதான். எந்த நேரத்தில் மனிதருக்கு விலை கேட்கவோ வேறிடம் தேடவோ முடியாதோ அந்த நேரத்தில் அவரை வாடிக்கையாளராக நடத்துவது மறுபங்கு.

அதை மருத்துவமனைக்குள் பார்ப்பதற்கு முன் ஆம்புலன்ஸில் பார்த்துவிடலாம். எம்டாலா மருத்துவமனையின் எல்லைக்குள் வந்தவரைத்தான் காக்கிறது. வீட்டிலிருந்து அந்த எல்லைவரை வரும் வழிக்கு அமெரிக்காவில் இன்றுவரை சரியான சொந்தக்காரர் இல்லை.

1960-களின் நடுவில் அந்நாட்டு ஆம்புலன்ஸ்களில் ஏறக்குறைய பாதியை ஓட்டியவர்கள் ஈமச்சடங்கு நிறுவனத்தார். ஒருவர் படுத்தபடி போகக்கூடிய நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. 12,000 ஈமச்சடங்கு நிறுவனங்கள் இந்த வேலையைச் செய்வதாக 1966-இல் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை சொன்னது. அவசரச் சிகிச்சை தெரிந்தவரை வண்டியில் ஏற்ற வேண்டும் என்ற எண்ணமே அதற்குப் பின்தான் பரவியது. பிட்ஸ்பர்கின் ஹில் பகுதியில், வேலைக்கு வழியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து 1967-இல் தொடங்கிய ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் இதில் முன்னோடி. 1973-இல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்டு வட்டாரங்களுக்குப் பணம் கொடுத்தது. எட்டே ஆண்டில், ரீகன் ஆட்சியில், அந்தப் பணம் மாநிலங்களுக்கான பொது மானியத்தில் கரைந்தது. தீயணைப்புத் துறை, மாவட்ட நிர்வாகம், மருத்துவமனை, தனியார் நிறுவனம், தன்னார்வலர் குழு என்று கையில் கிடைத்தவரெல்லாம் வண்டி ஓட்டத் தொடங்கினார்கள். இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் ஓட்டுகின்றன. தீயணைப்பும் காவலும் வரிப்பணத்தில் நடக்கும் நாட்டில், ஆம்புலன்ஸ் மட்டும் பில் போட்டுப் பிழைக்க வேண்டிய தொழிலாகிவிட்டது. நாட்டின் மிகப்பெரிய ஆம்புலன்ஸ் நிறுவனத்தை 2018-இல் கேகேஆர் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது.

பில் எப்படிப் போடுகிறார்கள்? நம் ஆட்டோ மீட்டர்போல, ஏறினதற்கு ஒரு தொகை, பிறகு ஓடிய தூரத்துக்கு. ஆரம்பநிலை உயிர்காப்பு உதவியோடு வந்த அவசர வண்டி என்றால் ஏ0429 என்ற குறியீடு. நரம்பில் மருந்தேற்றத் தெரிந்த பாராமெடிக் வந்து கவனித்தால் ஏ0427, தொகை கூடும். மைலுக்கு ஏ0425. நோயாளி வண்டியில் ஏறியபின் ஓடும் மைல் மட்டுமே கணக்கில் வரும். அவரைத் தேடி வந்த தூரம் வராது. இந்த முறையில் ஒரு விபரீதம் இருக்கிறது. ஒரு ஆம்புலன்ஸ் நிலையத்தின் உண்மையான செலவு, வண்டி ஓடாமல் நிற்கும் நேரத்தில்தான்: நள்ளிரவில் இரண்டு பேர் விழித்திருப்பது, வண்டி, கருவிகள், பயிற்சி. ஆனால் வருமானமோ யாரையாவது ஏற்றிக்கொண்டு போனால்தான் வரும். ஆக, ஊரே தயார்நிலையில் இருப்பதற்கான செலவை, அன்று வலி எடுத்தவர் தலையில் இறக்க வேண்டியிருக்கிறது.

தாய் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைக்கிறார். எந்த நிறுவனத்தின் வண்டி வரும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அந்த நிறுவனம் அவருடைய காப்பீட்டோடு ஒப்பந்தம் செய்துள்ளதா, அமெரிக்கர்கள் சொல்வதுபோல் 'நெட்வொர்க்'கில் உள்ளதா என்று கேட்க நேரமும் இல்லை. பல ஆம்புலன்ஸ் நிறுவனங்கள் எந்த நெட்வொர்க்கிலும் சேருவதில்லை. சேர்ந்தால் தள்ளுபடி தர வேண்டும். சேராவிட்டாலும் 911 அழைப்பு குறையப்போவதில்லை. காப்பீடு ஒரு தொகையைக் கொடுத்துக் கைகழுவும். மீதிக்கு வீட்டுக்குத் தபாலில் பில் வரும். ஆம்புலன்ஸ் பயணங்களில் 71 விழுக்காட்டில் இப்படி எதிர்பாராத பில் வர வாய்ப்பிருந்ததாகவும், தரைவழி ஆம்புலன்ஸில் அதன் இடைநிலைத் தொகை 450 டாலர் என்றும், வான்வழியில் 21,698 டாலர் என்றும் 2020-இல் 'ஹெல்த் அஃபேர்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. மேல்நிலை உதவியோடு வரும் அவசர ஆம்புலன்ஸின் சராசரிக் கட்டணம் 2017-இல் 1,042 டாலராக இருந்து 2020-இல் 1,277 டாலரானதாக ஃபேர் ஹெல்த் அமைப்பு சொல்கிறது. அதே மூன்றாண்டில் மெடிகேர் கொடுத்த தொகை 441-இலிருந்து 463-க்குத்தான் நகர்ந்தது. அரசு தராத மீதியைத் தனியார் காப்பீட்டிடமும் நோயாளியிடமும்தான் தேட வேண்டும்.

இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. வேறு வாகனத்தில் போயிருந்தால் ஆபத்தா என்பதைக் காப்பீட்டு நிறுவனம் பிறகு உட்கார்ந்து பரிசீலிக்கும். ரத்தப்போக்கு, மிகை ரத்த அழுத்தம் என்றால் கேள்வி எழாது. எல்லாம் நல்லபடியாக நடந்த பிரசவமாக இருந்தால் 'காரில் வந்திருக்கலாமே' என்ற கேள்வி வரும். நல்லபடியாக முடியும் என்று வலி எடுக்கும்போது யாருக்குத் தெரியும்? மக்களும் கணக்குப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஊபர் வண்டிகள் வந்த நகரங்களில் ஆம்புலன்ஸ் பயன்பாடு குறைந்தபட்சம் 6.7 விழுக்காடு சரிந்ததாகக் கான்சாஸ் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர் பங்கேற்ற ஆய்வு சொல்கிறது.

2020 டிசம்பர் 27-இல் கையெழுத்தாகி 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 'எதிர்பாராத பில் தடைச் சட்டம்' உண்மையிலேயே பெரிய காரியம் செய்தது. அதற்கு முன்பு, மருத்துவமனை நெட்வொர்க்கில் இருக்கும். முதுகுத்தண்டில் எபிடியூரல் ஊசி போட வந்த மயக்க மருந்து நிபுணர் இருக்க மாட்டார். அவர் தனியாக ஆயிரக்கணக்கில் பில் அனுப்புவார். அது நின்றது. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸும் சட்டத்துக்குள் வந்தது. குறைமாதக் குழந்தையைப் பெருநகரத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகும் பயணம் இது. 2017-இல் ஹெலிகாப்டர் பயணத்தின் இடைநிலை விலை 36,400 டாலர். விமானப் போக்குவரத்தை விடுவித்த 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, மாநிலங்கள் எங்கள் விலையில் தலையிட முடியாது என்று அந்த நிறுவனங்கள் அதுவரை தப்பித்துவந்தன. ஆனால் சாலையில் ஓடும் ஆம்புலன்ஸைக் காங்கிரஸ் வெளியே விட்டது. உள்ளூர் நிர்வாகங்களே நடத்துவதால் சிக்கலானது, போதிய தரவு இல்லை என்றார்கள். நூற்றில் ஒருவர்கூட ஏறாத ஹெலிகாப்டருக்குத் தீர்வு கண்டவர்கள், தெருமுனையிலிருந்து வரும் வண்டிக்கு ஆலோசனைக் குழு அமைத்தார்கள்.

சில மாநிலங்கள் தாமே முந்திக்கொண்டன. கலிஃபோர்னியாவில் 2024 ஜனவரி முதல் நெட்வொர்க்குக்கு வெளியே உள்ள ஆம்புலன்ஸும் நோயாளியிடம் கூடுதலாகக் கேட்க முடியாது. ஆனால் மாநிலச் சட்டத்துக்கு ஒரு பழைய வேலி குறுக்கே நிற்கிறது. 1974-ஆம் ஆண்டின் எரிசா சட்டப்படி, தன் ஊழியரின் மருத்துவச் செலவைத் தானே ஏற்கும் முதலாளியின் காப்பீட்டுத் திட்டத்தில் மாநிலம் கைவைக்க முடியாது. பணியிடக் காப்பீடு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இருவர் அத்தகைய திட்டங்களில்தான் இருக்கிறார்கள்.

மைலுக்கு இவ்வளவு என்று கணக்கிருக்கும்போது, மைல் கூடினால் என்ன ஆகும்? கூடிக்கொண்டுதான் இருக்கிறது. 2010 முதல் 2022 வரை 537 அமெரிக்க மருத்துவமனைகள் பிரசவம் பார்ப்பதை நிறுத்திவிட்டன. 2022-இல் கிராமப்புற மருத்துவமனைகளில் 52.4 விழுக்காட்டில் பிரசவப் பிரிவு இல்லை. நாட்டின் கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் 35 விழுக்காட்டில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையோ மகப்பேறு மருத்துவரோ இல்லை என்று மார்ச் ஆஃப் டைம்ஸ் அமைப்பின் 2024 அறிக்கை கூறுகிறது. 'மகப்பேறு பாலைவனம்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். மாதம் பத்துப் பிரசவம் நடந்தாலும் நூறு நடந்தாலும், மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் அறுவை அரங்கும் இரவு பகலாகக் காத்திருக்க வேண்டும். கிராமங்களில் பாதியளவு பிரசவங்களுக்குப் பணம் தருவது ஏழைகளுக்கான மெடிகெய்டு. அது தரும் தொகை செலவுக்குக் காணாது. தனியார் கணக்குப்படி முதலில் மூட வேண்டிய வார்டு அதுதான். மூடுகிறார்கள். கர்ப்பிணியின் பயணம் நீள்கிறது. ஏ0425-க்கு எதிரே உள்ள எண் ஏறுகிறது. மருத்துவமனை தன் கணக்கிலிருந்து கழித்த செலவு ஒழிந்துபோய்விடவில்லை, வண்டியில் ஏறுகிறவர் கணக்குக்கு மாறியிருக்கிறது.

இனி மருத்துவமனைக்குள் போவோம். அங்கே ஒரு பிரசவத்துக்கு ஒரு பில் என்று எதிர்பார்த்தால் ஏமாற வேண்டும். மகப்பேறு மருத்துவருக்கு ஒரு மொத்தத் தொகை: கர்ப்ப காலப் பரிசோதனைகள், சுகப்பிரசவம், அதற்குப் பிந்தைய கவனிப்பு மூன்றும் சேர்த்து 59400 என்ற ஒற்றைக் குறியீடு. அறைக்கும் செவிலியருக்கும் மருத்துவமனை தனியே பில் போடும். எபிடியூரலுக்கு நேரக் கணக்கில் தனி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்குத் தனி. பிறந்த கணத்திலிருந்து குழந்தை தனி நோயாளி. அதற்கு அதன் பெயரிலேயே பில். இந்த விலைகள் எப்படி வந்தன என்று கேட்டால் பதில் கிடைக்காது. கலிஃபோர்னியாவில் 2011-இல் சிக்கலற்ற சுகப்பிரசவத்துக்கு மருத்துவமனைகள் போட்ட பில் 3,296 டாலரிலிருந்து 37,227 டாலர்வரை இருந்தது. சிசேரியனுக்கு 8,312-இலிருந்து 70,908 வரை. ரெனீ ஷியா என்ற மருத்துவரும் குழுவினரும் செய்த இந்த ஆய்வில், மருத்துவமனையின் தன்மை, தாயின் உடல்நிலை, வட்டாரத்தின் வாழ்க்கைச் செலவு ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தும் வேறுபாட்டின் பெரும்பகுதிக்குக் காரணம் காட்ட முடியவில்லை. இவை பட்டியல் விலைகள்; காப்பீட்டு நிறுவனம் பேரம்பேசிக் குறைத்துத்தான் கட்டும். பேரம்பேச ஆளில்லாத, காப்பீடு இல்லாத தாய்க்குத்தான் பட்டியல் விலை முழுசாக வரும். உலகில் வேறெங்கும் ஏழைக்கு அதிக விலையும் வசதியுள்ளவருக்குத் தள்ளுபடியும் இவ்வளவு ஒழுங்காக எழுதிவைக்கப்பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

2016-இல் யூட்டா மாநிலத் தந்தை ஒருவர் தன் மகன் பிறந்த பில்லின் ஒரு வரியைப் பொதுவெளியில் பகிர்ந்தார். சிசேரியன் முடிந்ததும் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துவைத்ததற்கு 39.35 டாலர். உலகம் முழுக்கச் சிரித்தார்கள். அறுவை அரங்கில் மயக்க மருந்தின் பிடியில் இருக்கும் தாயிடம் குழந்தையைக் கொடுக்கும்போது பக்கத்தில் கூடுதலாக ஒரு செவிலியர் நிற்க வேண்டும், அதற்கான கட்டணம் என்று மருத்துவமனை விளக்கியது. அந்த விளக்கம் பொய்யில்லை. எனக்கு அந்த 39 டாலரைவிட, ஒரு செவிலியர் பக்கத்தில் நிற்பதைக்கூடத் தனி வரியாக எழுதியே தீர வேண்டிய கணக்குமுறைதான் வியப்பாக இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் கொலராடோவிலிருந்து. வலியோடு நேராகப் பிரசவ வார்டுக்குப் போய்க் குழந்தை பெற்ற ஒரு பெண்ணின் பில்லில், ஐந்தாம் நிலை அவசரச் சிகிச்சைக் கட்டணம் என்று 2,755 டாலர் இருந்ததை 2021-இல் கைசர் ஹெல்த் நியூஸ் வெளிக்கொண்டுவந்தது. ஐந்தாம் நிலை என்பது மாரடைப்பு போன்றவற்றுக்கு உரியது. அவர் அவசரச் சிகிச்சைப் பிரிவின் பக்கமே போகவில்லை. வந்தவுடன் அவரைப் பரிசோதித்த அறைக்கு மருத்துவமனை 'மகப்பேறு அவசரச் சிகிச்சைப் பிரிவு' என்று பெயர் மாற்றியிருந்தது. எம்டாலா அந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. பரிசோதனை நடக்கும் அறையை அவசரப் பிரிவாக அறிவித்துவிட்டால் அதற்குத் தனிக் கட்டணம் வாங்கலாம். மருத்துவர்களை அனுப்பிவைக்கும் தனியார் நிறுவனங்கள் இதை ஒரு வருமான வழியாகவே மருத்துவமனைகளிடம் எடுத்துச் சொல்லின. பர்டிட்டைப் போன்றவர்களிடமிருந்து கர்ப்பிணியைக் காக்க எழுதப்பட்ட சட்டம், கர்ப்பிணியின் பில்லில் ஒரு வரியாகத் திரும்பி வந்திருக்கிறது.

காப்பீடு இருந்தால் கவலையில்லையா? பெரிய நிறுவனங்களின் காப்பீட்டில் இருந்த பெண்களுக்குக் கர்ப்பம், பிரசவம், பேறுகாலக் கவனிப்பு அனைத்துக்கும் ஆன சராசரிச் செலவு 18,865 டாலர். அதில் குடும்பம் கைக்காசாகக் கட்டியது 2,854 டாலர் என்று கேஎஃப்எஃப் நிறுவனத்தின் 2022 ஆய்வு சொல்கிறது. சிசேரியன் என்றால் 26,280-இல் 3,214. இது மாதச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் குடும்பத்தைக் கவிழ்க்கும் தொகை அல்ல என்று வாதிடுவோர் உண்டு. ஒருவருக்கு மேற்பட்டோர் உள்ள குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்கினரிடம் இந்தச் சராசரித் தொகையைக் கட்டும் அளவுக்குக் கையிருப்பு இல்லை என்று அதே ஆய்வு சேர்த்துச் சொல்வதை அவர்கள் படிப்பதில்லை. 2014-க்கு முன் நிலைமை இதைவிட மோசம். தனிநபராக வாங்கும் காப்பீடுகளில் பிரசவத்தைச் சேர்த்துக்கொண்டவை நூற்றுக்குப் பன்னிரண்டே. கர்ப்பமாக இருப்பதையே 'முன்பே உள்ள நோய்' என்று சொல்லி மறுக்கலாம். ஒபாமா காலச் சட்டம் அதை ஒழித்தது. கர்ப்ப காலப் பரிசோதனைக்கு நோயாளி பணம் கட்ட வேண்டாம் என்றது. பிரசவத்துக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.

காப்பீட்டு நிறுவனம் பணம் தரத் தொடங்குமுன் ஒவ்வோர் ஆண்டும் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகையை டிடக்டிபிள் என்கிறார்கள். பெரும்பாலான திட்டங்களில் இது ஜனவரி 1 அன்று பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்கும். கர்ப்பமோ நாற்பது வாரம். ஜனவரி முதல் செப்டம்பர்வரை பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய எல்லோரும் முந்தைய ஆண்டில் உருவானவர்கள். ஸ்கேன் செலவு ஓர் ஆண்டின் கணக்கில், பிரசவச் செலவு அடுத்த ஆண்டின் கணக்கில். குழந்தையைக் காப்பீட்டில் சேர்க்க வழக்கமாக 30 நாள் அவகாசம். தாய் தந்தை இருவருக்கும் தனித்தனிக் காப்பீடு இருந்து இரண்டிலும் குழந்தை சேர்ந்தால் 'பிறந்தநாள் விதி' வந்துவிடும்: ஆண்டுக் கணக்கில்லாமல், நாட்காட்டியில் யாருடைய பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவருடைய காப்பீடுதான் முதலில் பணம் தர வேண்டும். கான்சாஸில் ஒரு தம்பதி தாயின் நல்ல காப்பீட்டை நம்பியிருந்தார்கள். தந்தையின் பிறந்தநாள் இரண்டு வாரம் முந்தி வந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்காக 2 லட்சம் டாலருக்கு மேல் அவர்கள் வீட்டுக்கு பில் வந்தது. ஊடகங்களில் செய்தியானபின்தான் சிக்கல் அவிழ்ந்தது.

அமெரிக்கப் பிரசவங்களில் பத்தில் நான்குக்கு மெடிகெய்டு பணம் தருகிறது. அங்கே தாய்க்குக் கைச்செலவு அனேகமாக இல்லை. முன்பு பிரசவமான 60 நாளில் பலருக்கு அந்தக் காப்பீடு அறுந்துபோகும்; 2021-க்குப் பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அதை ஓராண்டாக நீட்டிவிட்டன. டெக்சாஸ் 2024 மார்ச்சில் சேர்ந்தது. முழுச் செலவையும் பொதுப்பணத்தில் ஏற்றுக்கொள்வது அமெரிக்காவில் நடக்காத காரியம் என்பவர்களுக்கு, நாற்பது விழுக்காட்டுக் குழந்தைகள் அப்படித்தான் பிறக்கிறார்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இடையில் மாட்டிக்கொள்பவர்கள். காப்பீடு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டில் இருக்கவே 60 நாள் கெடு. அந்நேரம் மனைவி எட்டு மாதம் என்றால், பழைய காப்பீட்டைத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து 102 விழுக்காடு பிரீமியம் நாமே கட்ட வேண்டும். 2024-இன் சராசரிக் குடும்பப் பிரீமியப்படி அது மாதம் 2,170 டாலர் அளவில் வரும், சம்பளம் நின்றுபோன நேரத்தில். இந்தத் தொடர் காப்பீட்டு உரிமையும் எம்டாலாவும் ஒரே மசோதாவின் உள்ளே, ஒரே நாளில், 1986 ஏப்ரல் 7 அன்று கையெழுத்தானவை என்பது பலருக்குத் தெரியாது. கோப்ரா என்று எல்லோரும் அறிந்திருப்பது அந்த மசோதாவின் பெயர்தான். அரசின் காப்பீட்டுச் சந்தையில் ஆண்டின் நடுவே சேரும் விதியும் விசித்திரமானது: வேலை இழப்பது தகுதியான காரணம், குழந்தை பிறப்பது தகுதியான காரணம், கர்ப்பமாவது பெரும்பாலான மாநிலங்களில் தகுதியான காரணம் இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேட்டு வாங்குகிறார்கள். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் வருமானம் குறைந்தவருக்கு உதவித் திட்டம் வைத்திருக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதைச் சுட்டிக்காட்டி விண்ணப்பிக்கிறார்கள். பில் குறைகிறது, சில நேரம் மறைகிறது. கைக்குழந்தையோடு, தூக்கமில்லாமல், தொலைபேசியில் காத்திருப்பு இசை கேட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டியவர் பெரும்பாலும் அந்தத் தாய்தான்.

இரண்டு யோசனைகள் அமெரிக்க அரசியலின் மேசையில் இருக்கின்றன. ஒன்று, தனியார் காப்பீடுகள் கர்ப்பம் முதல் பேறுகாலம்வரை எந்தக் கைச்செலவும் வாங்கக் கூடாது என்று 2025 மே மாதம் செனட்டில் வந்த மசோதா. கருக்கலைப்பை எதிர்க்கும் சிண்டி ஹைட்-ஸ்மித்தும் ஜோஷ் ஹாலியும், அதற்கு நேர் எதிரணியில் உள்ள டிம் கெயினும் கிர்ஸ்டன் கில்லிபிராண்டும் சேர்ந்து கொண்டுவந்தது. குழந்தை பெறச் சொல்கிறவர்கள் அதற்கான பில்லையும் பேச வேண்டும் என்ற வாதம் இரு பக்கமும் எடுபட்டிருக்கிறது. மற்றது, ஆம்புலன்ஸுக்காக அமைத்த அந்த ஆலோசனைக் குழுவின் அறிக்கை, 2024 மார்ச்சில் வந்தது. அவசர ஆம்புலன்ஸுக்கு நோயாளி கட்டுவது 100 டாலர் அல்லது கட்டணத்தில் பத்து விழுக்காடு, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மீதியை ஆம்புலன்ஸும் காப்பீடும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று பரிந்துரைத்தார்கள். அறிக்கையைப் பெற்ற காங்கிரஸின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. அதுவரை அந்தப் பரிந்துரை சட்டமாகவில்லை.